அமெரிக்க அதிபர் வேட்பாளர் யாருன்னு முன்னாடியே கணிக்க முடியுமா?

2028 தேர்தல்ல ரெண்டு கட்சிலயும் யாரு வேட்பாளரா வருவாங்க, இப்ப வர்ற சர்வேய வெச்சு சொல்லிட முடியுமான்னு கேட்டிருக்கீங்க. ரிபப்ளிகன் பக்கம் ஓரளவுக்கு சொல்லலாம். டெமாக்ரட் பக்கம் இப்பவே பேர் சொல்றவங்க யாரா இருந்தாலும் சும்மா அடிச்சு விடறாங்க, அவ்வளவுதான். ஏன்னு கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா இதுல சுவாரசியமே அந்த ஏன்ல தான் இருக்கு.

முதல்ல சர்வே கதைய முடிச்சிடுவோம். 2007 முழுக்க டெமாக்ரட் கட்சில ஹிலாரி கிளிண்டன் தான் முன்னாடி இருந்தாங்க, கொஞ்ச நஞ்சம் இல்ல, நிறைய சர்வேல 20 பாயிண்ட் வித்தியாசம். ரிபப்ளிகன்ல நியூயார்க் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி. ரெண்டு பேரும் வேட்பாளர் ஆகல. ஜூலியானி ஃபுளோரிடா வரைக்கும் காத்திருந்து அங்க ஒரே அடியா அடிக்கலாம்னு கணக்கு போட்டார், ஃபுளோரிடால மூணாவதா வந்து வீட்டுக்கு போயிட்டார், ஒரு மாநிலம்கூட ஜெயிக்கல. அதுக்கு முன்னாடி 2003 டிசம்பர்ல டெமாக்ரட் பக்கம் ஹோவர்ட் டீன் தான் வேட்பாளர்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க, முன்னாள் துணை அதிபர் அல் கோரே வந்து ஆதரவு குடுத்தார், அடுத்த மாசம் முதல்ல ஓட்டு நடந்த மாநிலமான ஐயோவால 18 சதவீதம் வாங்கி மூணாவது இடம். 2012ல ரிபப்ளிகன் பக்கம் இன்னும் கூத்து, ரிக் பெரி, ஹெர்மன் கேய்ன், நியூட் கிங்ரிச், ரிக் சாண்டோரம்னு ஆளுக்கு கொஞ்ச நாள் முதலிடத்துல உக்காந்துட்டு போனாங்க, கடைசில வந்தது மிட் ரோம்னி.

இதைப் படிச்சிட்டு சர்வே எல்லாம் குப்பைன்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்த தப்ப பண்ணினவங்க தான் 2015ல அசிங்கப்பட்டாங்க. டிரம்ப் 2015 ஜூன் 16 அன்னிக்கு போட்டில குதிச்சார், ஜூலைலயே முதலிடத்துக்கு வந்துட்டார், அதுக்கப்புறம் பெரும்பாலும் கீழ இறங்கவே இல்ல. ஆனா பெரிய பெரிய கணிப்பாளர்கள் எல்லாம் இது தாங்காது, 2012ல கேய்ன் வந்து போன மாதிரி இதுவும் போயிடும்னு எழுதிட்டே இருந்தாங்க. 2019லயும் அதே கதை தான், பைடன் வருஷம் பூரா தேசிய அளவுல முன்னாடி இருந்தார், கிழவர், தூங்கிடுவார்னு கிண்டல் பண்ணினாங்க, கடைசில அவர் தான் வந்தார். அதனால சர்வேல பாக்க வேண்டியது நம்பர மட்டும் இல்ல. அந்த நம்பர் எவ்வளவு நாள் நிக்குது, எந்த வகை ஓட்டர்கிட்ட இருந்து வருது, அந்த ஆள எத்தன பேருக்கு தெரியும், இதெல்லாம் சேத்து பாக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தர் 25 வாங்கறதவிட, பாதிப்பேருக்கு யாருன்னே தெரியாத ஒருத்தர் 20 வாங்கறது பெரிய விஷயம். 2007ல ஒபாமா நிலைமை கிட்டத்தட்ட அதுதான்.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். அங்க கட்சி மேலிடம் சீட்டு குடுக்கற பழக்கம் 1968 கலாட்டாவோட முடிஞ்சிடுச்சு. அந்த வருஷம் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரில (வேட்பாளர தேர்ந்தெடுக்க கட்சி நடத்தற ஓட்டெடுப்பு) கூட நேரடியா நிக்காம கட்சிப் பெருந்தலைங்க தயவுல வேட்பாளர் ஆனார், சிகாகோ கன்வென்ஷன் (வேட்பாளர முடிவு பண்ற கட்சி மாநாடு) வெளிய போலீஸ் தடியடி, உள்ள கூச்சல், அப்புறம் விதிய மாத்தறதுக்கு ஒரு கமிஷன் போட்டாங்க. அந்த கமிஷனுக்கு தலைவரா இருந்த ஜார்ஜ் மெக்கவர்னே 1972ல அந்த புது விதில நின்னு வேட்பாளர் ஆயிட்டார்! கட்சி பெரிய தலைங்க எல்லாம் எட்மண்ட் மஸ்கி பின்னாடி நின்னாங்க, ஆனா விதி புரிஞ்சவர் ஜெயிச்சார். (நவம்பர்ல நிக்சன்கிட்ட படுதோல்வி, அது வேற கதை.) அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் கணக்கு ஒண்ணுதான், மாநிலம் மாநிலமா பிரைமரி இல்லன்னா காகஸ் (ஆளுங்க நேர்ல கூடி தேர்ந்தெடுக்கற கூட்டம்) நடக்கும், அதுல ஓட்டுக்கு ஏத்த மாதிரி டெலிகேட் (கன்வென்ஷன்ல ஓட்டு போடற பிரதிநிதி) கிடைக்கும், மொத்த டெலிகேட்ல பாதிக்கு மேல யாரு வாங்கறாங்களோ அவங்க வேட்பாளர். ஓட்டு எப்படி டெலிகேட்டா மாறுதுங்கறதுல தான் ரெண்டு கட்சிக்கும் வித்தியாசம், முக்கால்வாசி பேர் கோட்டை விடறதும் இங்கதான்.

டெமாக்ரட் கட்சில எல்லா மாநிலத்துலயும் விகிதாச்சாரம் தான். 15 சதவீதத்துக்கு மேல வாங்கினா பங்கு உண்டு, கீழ போனா சைபர். இதுவும் மாநிலம் மொத்தத்துக்கும் ஒரு கணக்கு, காங்கிரஸ் தொகுதி மாதிரி சின்ன ஏரியாவுக்கு தனித்தனியா ஒரு கணக்கு. ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட்னு வெச்சுக்கோங்க, ரெண்டு பேர் போட்டி, நீங்க 60, நான் 40. பெரிய வெற்றி மாதிரி தெரியுது இல்லயா, ஆனா டெலிகேட் ஆளுக்கு 2. மூணுக்கு ஒண்ணுன்னு பிரியணும்னா நீங்க 62.5க்கு மேல போகணும். அதே 3 டெலிகேட் இருக்கற தொகுதின்னா 51க்கு 49 போதும், உங்களுக்கு 2 எனக்கு 1. அப்ப எந்த ஏரியாவுல காசும் ஆளும் இறக்கணும்னு இந்த ஒத்தப்படை இரட்டைப்படைய வெச்சே முடிவு பண்ணலாம், 2008ல ஒபாமா ஆளுங்க இதைத்தான் பண்ணினாங்க.

அந்த வருஷம் பிப்ரவரி 5, சூப்பர் டியூஸ்டே, அதாவது நிறைய மாநிலம் ஒரே நாள்ல ஓட்டு போடற நாள். ஹிலாரி நியூ ஜெர்சிய ஜெயிச்சாங்க, 10 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்த பெரிய மாநிலம், டெலிகேட் 59க்கு 48, அதாவது 11 லாபம். அன்னிக்கே ஐடஹோன்னு ஒரு மாநிலத்துல காகஸ், டெமாக்ரட்டே கண்ணுல படாத ஊரு, வந்தவங்க மொத்தமே 21 ஆயிரம் பேர் சொச்சம், ஒபாமாவுக்கு 80 சதவீதம், டெலிகேட் 15க்கு 3, அதாவது 12 லாபம். டிவில ராத்திரி பூரா நியூ ஜெர்சியத்தான் காட்டினாங்க, ஐடஹோவ யாரு காட்டுவா. ஆனா கணக்குல ஐடஹோ தான் பெருசு! அப்புறம் பிப்ரவரி மிச்சத்துல வரிசையா 11 போட்டில ஒபாமா ஜெயிச்சார், அப்பவே சோலி முடிஞ்சிடுச்சு, ஏன்னா விகிதாச்சாரத்துல 100 டெலிகேட் பின்னாடி போயிட்டா திரும்பி வர்றதுக்கு ஒவ்வொரு மாநிலத்தையும் 60, 65ன்னு ஜெயிக்கணும், அது நடக்காது. ஹிலாரி அப்புறமும் ஒஹையோ, பென்சில்வேனியான்னு பெரிய மாநிலமா ஜெயிச்சாங்க, டெக்சஸ் பிரைமரிகூட ஜெயிச்சாங்க, ஆனா அங்க பிரைமரியோட காகஸும் உண்டு, ரெண்டையும் கூட்டினா டெக்சஸ்ல டெலிகேட் ஒபாமாவுக்குத்தான் அதிகம். மீடியா இந்த போட்டிய ஜூன் வரைக்கும் இழுத்துச்சு, கணக்கு தெரிஞ்சவங்க மார்ச்லயே தூங்கப் போயிட்டாங்க.

ரிபப்ளிகன்ல விதி வேற. மாநிலக் கட்சிக்கு சுதந்திரம் ஜாஸ்தி, நிறைய இடத்துல ஜெயிச்சவருக்கே எல்லாம். 2016 சவுத் கரோலைனா எடுத்துக்கோங்க. மாநில அளவுல முதல்ல வந்தவருக்கு 29 டெலிகேட், 7 காங்கிரஸ் தொகுதிக்கும் தொகுதிக்கு 3, ஆக மொத்தம் 50. டிரம்ப் வாங்கினது 32.5 சதவீதம். எதிர்த்து நின்ன செனட்டருங்க ரூபியோவும் க்ரூஸும் ஆளுக்கு 22 சொச்சம். மூணுல ரெண்டு பேர் டிரம்ப் வேணாம்னு தான் ஓட்டு போட்டாங்க, ஆனா அந்த ஓட்டு பிரிஞ்சதுல 50ம் டிரம்ப்புக்கே போச்சு.

இங்கதான் என்னோட முக்கியமான பாயிண்ட். நிறைய பேர் நிக்கற போட்டில யாரு ஜெயிப்பாங்கன்னு யோசிச்சா விடை கிடைக்காது, யாரு எப்ப வாபஸ் வாங்குவாங்க, வாங்கினா அவங்க ஓட்டு எங்க போகும்னு யோசிக்கணும். 2016 ரிபப்ளிகனையும் 2020 டெமாக்ரட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. ரெண்டுலயும் கட்சி பெரிசுங்களுக்கு பிடிக்காத ஒருத்தர் முன்னாடி ஓடறார், அவருக்கு எதிரா நாலஞ்சு பேர் நின்னு ஓட்டைப் பிரிக்கறாங்க. 2016ல ஒரே ஆளுக்கு வழி விடணும்னு நேரத்தோட யாரும் வாபஸ் வாங்கல. ஒவ்வொருத்தரும் நான் தான் டிரம்ப்புக்கு எதிரா கடைசில நிக்கப் போறேன், மத்தவன் முதல்ல போகட்டும்னு பாத்தாங்க, அதனால டிரம்ப்ப விட்டுட்டு பக்கத்துல இருக்கறவன அடிச்சாங்க. இன்னொரு போட்டியாளர் ஜெப் புஷ் ஆதரவு சூப்பர் பேக் (வேட்பாளருக்காக வெளிய இருந்து பணம் திரட்டி செலவு பண்ற அமைப்பு) கோடிக்கணக்குல ரூபியோவத் திட்டி விளம்பரம் போட்டுச்சு, நியூ ஹாம்ப்ஷயருக்கு மூணு நாள் முன்னாடி நடந்த விவாதத்துல அதே போட்டில இருந்த கிறிஸ் கிறிஸ்டி ரூபியோவ மேடைலயே வெச்சு செஞ்சார், ரூபியோ ஒரே டயலாக்க திரும்பத் திரும்ப சொல்லி மாட்டிக்கிட்டார், கிறிஸ்டிக்கும் அதனால ஒண்ணும் லாபமில்ல, போட்டில இருந்து விலகி மூணு வாரத்துக்குள்ள டிரம்ப்கிட்டயே போய் சேந்துட்டார். ஒஹையோ கவர்னர் கேசிக் அவர் மாநிலத்த மட்டும் ஜெயிச்சுட்டு மே 4 வரைக்கும் நின்னார், எதுக்குன்னு எனக்கு இன்னிக்கும் புரியல. ஏப்ரல் 19 நியூயார்க் வரைக்கும் எந்த மாநிலத்துலயும் டிரம்ப் பாதிக்கு மேல ஓட்டு வாங்கல, ஆனா அதுக்குள்ள டெலிகேட்ல எட்டாத தூரத்துக்கு போயிட்டார். மத்தவங்க விலகியிருந்தா அவர் தோத்திருப்பாரான்னா, அடிச்சு சொல்ல மாட்டேன், க்ரூஸ் ஓட்டர்ல நிறைய பேருக்கு அடுத்த சாய்ஸ் டிரம்ப் தான். ஆனா போட்டின்னு ஒண்ணாவது இருந்திருக்கும்.

2020ல நேர் எதிர், அங்க பெரிசுங்களுக்கு பிடிக்காதவர் பெர்னி சாண்டர்ஸ். பைடன் ஐயோவால நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது, நெவாடால சாண்டர்ஸுக்கு ரொம்ப பின்னாடி ரெண்டாவது. பந்தயச் சந்தையில சாண்டர்ஸ் தான் முதல், டிவில பைடனுக்கு இரங்கல் வாசிச்சுட்டாங்க. பிப்ரவரி 26 அன்னிக்கு சவுத் கரோலைனா எம்.பி. ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு குடுத்தார், 29 அன்னிக்கு அங்க பைடன் கிட்டத்தட்ட 49 சதவீதம் வாங்கினார். அந்த மாநில டெமாக்ரட் பிரைமரில ஓட்டு போடறவங்கள்ல பாதிக்கு மேல கறுப்பினத்தவர், அவங்க யாரு பக்கம்னு தெரிஞ்ச உடனே போட்டில இருந்தவங்கள்ல மார்ச் 1 பூட்டஜெஜ் வாபஸ், மார்ச் 2 க்ளோபுஷார் வாபஸ், ரெண்டு பேரும் அன்னிக்கு டல்லஸ்ல பைடனுக்கு ஆதரவு. மார்ச் 3 சூப்பர் டியூஸ்டே, 14 மாநிலத்துல 10 பைடனுக்கு. மினசோட்டா, மாசசூசெட்ஸ் எல்லாம் அவர் சரியா பிரச்சாரமே பண்ணாத இடம், அங்கயும் ஜெயிச்சார். மூணே நாள்ல போட்டி தலைகீழ். கலிஃபோர்னியால நிறைய பேர் முன்னாடியே தபால்ல ஓட்டு போட்டுட்டதால அந்த அலை அங்க முழுசா போய்ச் சேரல, சாண்டர்ஸ் அங்க தப்பிச்சார்.

2020ல ஏன் விலகினாங்க, 2016ல ஏன் விலகல? டெமாக்ரட்டுங்க ரொம்ப நல்லவங்கன்னு அர்த்தம் இல்ல. அந்த 15 சதவீத விதி தான் கழுத்தைப் பிடிச்சு தள்ளுது, 12, 13னு வாங்கிட்டு நின்னா கைல ஒண்ணும் வராது, கறுப்பின ஓட்டு இல்லாம அடுத்து வர்ற தெற்கு மாநிலங்கள்ல பூட்டஜெஜுக்கு வழியே இல்லன்னு அவருக்கே தெரியும். கூடவே டிரம்ப்ப எப்படியாவது தோக்கடிக்கணுங்கற பயம் ஓட்டர்கிட்ட இருந்துச்சு. ரிபப்ளிகன் விதில ஒரே ஒரு பெரிய மாநிலத்த ஜெயிச்சா மொத்தமா அள்ளலாம்ங்கற ஆசை இருக்கு, 2016ல ரூபியோ ஃபுளோரிடாவோட 99 டெலிகேட்ட நம்பித்தான் மார்ச் 15 வரைக்கும் உக்காந்திருந்தார், அதையும் டிரம்ப் எடுத்துட்டு போயிட்டார்.

பணம் பத்தி கேப்பீங்க. தேவைதான், ஆனா பணத்த வெச்சு கணிக்கறது வேஸ்ட். 1980ல ரிபப்ளிகன் பக்கம் ஜான் கானலி 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவு பண்ணி ஒரே ஒரு டெலிகேட் வாங்கினார். ஜெப் புஷ் ஆதரவு சூப்பர் பேக் 2015 முதல் பாதிலயே 10 கோடி டாலருக்கு மேல திரட்டுச்சு, அவருக்கு கிடைச்சது 4 டெலிகேட். 2020ல டெமாக்ரட் பக்கம் கோடீஸ்வரர் ப்ளூம்பெர்க் 100 கோடி டாலர் தாண்டி செலவு பண்ணினார், ஜெயிச்ச ஒரே இடம் அமெரிக்கன் சமோவா, மேப்ல தேடிப் பாருங்க.

கட்சிக்காரங்க ஆதரவு இதவிட கொஞ்சம் நம்பலாம். கவர்னர், செனட்டருங்க யாரு பின்னாடி சேர்றாங்களோ அவங்க தான் பெரும்பாலும் வேட்பாளர் ஆறாங்கன்னு 1980ல இருந்து தரவு எடுத்து அரசியல் ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. 2016ல இது ரிபப்ளிகன் பக்கம் ஊத்திக்கிச்சு, ஐயோவா ஓட்டு நடக்கற வரைக்கும் பதவில இருந்த ஒரு கவர்னரோ செனட்டரோகூட டிரம்ப் பக்கம் இல்ல. 2020ல திரும்ப வேலை செஞ்சுச்சு. என் கருத்து, ஆதரவு எத்தனைன்னு எண்ணாதீங்க, எப்ப வருது, யாரோட ஓட்ட நகர்த்துதுன்னு பாருங்க, கிளைபர்ன் ஒருத்தர் 50 செனட்டருக்கு சமம்.

ஐயோவா வேட்பாளர தேர்ந்தெடுக்கற இடமே இல்ல, கழிச்சுக் கட்டற இடம். ரிபப்ளிகன்ல 2008 ஹக்கபி, 2012 சாண்டோரம், 2016 க்ரூஸ், மூணு பேரும் ஐயோவால ஜெயிச்சவங்க, யாரும் வேட்பாளர் ஆகல. பந்தயச் சந்தையும் அப்படித்தான், கடைசி வாரத்துல உபயோகம், ஒரு வருஷம் முன்னாடி வெறும் வதந்தி மீட்டர். போட்டிலயே இல்லாத மிஷெல் ஒபாமா பேர்ல எல்லாம் பணம் கட்டினாங்க.

2024 ரிபப்ளிகன் பக்கம் இன்னொரு விஷயம் கத்துக் குடுத்துச்சு. 2023 ஆரம்பத்துல நேருக்கு நேர் கேட்ட சில சர்வேல ஃபுளோரிடா கவர்னர் டிசாண்டிஸ் டிரம்ப்புக்கு முன்னாடி இருந்தார். ஆனா டிரம்ப் ஆளுங்க சத்தமில்லாம மாநிலக் கட்சிகள்ல விதிய மாத்தற வேலைய பாத்தாங்க. கலிஃபோர்னியால பாதிக்கு மேல ஓட்டு வாங்கினா 169 டெலிகேட்டும் ஒருத்தருக்கேன்னு 2023லயே மாத்திட்டாங்க. நெவாடால அரசு பிரைமரி ஒண்ணு, கட்சி காகஸ் ஒண்ணு, டெலிகேட் காகஸ்ல மட்டும். டிரம்ப் காகஸ்ல நின்னு எல்லாத்தையும் அள்ளிட்டார், எதிர்த்து நின்ன நிக்கி ஹேலி பிரைமரில நின்னு அங்க “இவங்கள்ல யாரும் இல்ல”ங்கற பட்டன்கிட்ட தோத்தாங்க. நோட்டாகிட்ட தோல்வி, அதுவும் ரெண்டு மடங்கு வித்தியாசத்துல! அந்த வருஷம் விவேக் ராமசாமி (பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம்) ஐயோவா ராத்திரியே வாபஸ், ஒரு வாரத்துல டிசாண்டிஸ் வாபஸ், ஆனா டிரம்ப் ஐயோவாலயே 51 வாங்கிட்டார், அந்தப் பக்கம் ஓட்டெல்லாம் ஒண்ணா சேந்தாலும் பத்தாது. அதனால நான் சொன்ன வாபஸ் கணக்கு முன்னாடி ஓடறவர் 30, 35ல இருக்கற வரைக்கும் தான், 50 தாண்டிட்டா மூடிட்டு போயிடலாம்.

கமலா ஹாரிஸ் கதை இந்த எல்லா விதிக்கும் வெளிய. 2019 ஜூன் விவாதத்துல பைடன வறுத்தெடுத்து சர்வேல எகிறினாங்க, டிசம்பர் 3 அன்னிக்கு ஒரு ஓட்டு விழறதுக்கு முன்னாடியே வாபஸ். 2024ல பிரைமரில நிக்கவே இல்ல, ஜூலை 21 பைடன் விலகி அவங்கள கை காட்டினார், ரெண்டு நாளுக்குள்ள தேவையான டெலிகேட் ஆதரவு வந்துடுச்சு. அவங்க அம்மா வழி பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்துல பேனர் கட்டினவங்களுக்கு தெரிஞ்சது வருஷ ஆரம்பத்துல எந்த மாடலுக்கும் தெரியல. வேற யாரும் எதிர்த்து நிக்கல, ஏன்னா ஒரு மாசத்துல கன்வென்ஷன், பைடன் சேத்த தேர்தல் நிதியும் அவங்களுக்குத்தான் நேரடியா போகும்.

இப்ப உங்க கேள்விக்கு. டிரம்ப் திரும்ப நிக்க 22வது திருத்தம் (ஒருத்தர ரெண்டு தடவைக்கு மேல அதிபரா தேர்ந்தெடுக்கக் கூடாதுங்கற சட்டம்) விடாது. பதவில இருக்கற துணை அதிபர் வேட்பாளர் ஆக ஆசைப்பட்டு கிடைக்காம போனது கடைசியா 1952ல, ஆல்பன் பார்க்லி. அதுக்கப்புறம் நிக்சன் 1960, ஹம்ஃப்ரி 1968, மூத்த புஷ் 1988, கோர் 2000, ஹாரிஸ் 2024, கேட்ட அத்தன பேருக்கும் கிடைச்சுது. அதனால இப்பத்திய துணை அதிபர் வான்ஸ் தான்னு சொல்றதுல எனக்கு பெருசா தயக்கம் இல்ல, டிரம்ப் கடைசி நேரத்துல வேற யாரையாவது கை காட்டினா மட்டும் தான் சிக்கல். (வேட்பாளர் ஆன அந்த அஞ்சு பேர்ல அந்தத் தேர்தல்ல ஜெயிச்சு அதிபர் ஆனது புஷ் மட்டும் தான், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.) டெமாக்ரட்ல நியூசம், பூட்டஜெஜ், ஹாரிஸ், ஒகாசியோ கோர்ட்டெஸ், ஷபீரோ, பிரிட்ஸ்கர்னு பேர் ஓடுது. நியூசம் சர்வேல முன்னாடி வர்றத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, கலிஃபோர்னியா அவர் ஊரா இருந்தாலும் அங்கயும் விகிதாச்சாரம் தான், மொத்தமா அள்ள முடியாது. பூட்டஜெஜுக்கு 2020ல இருந்த அதே கறுப்பின ஓட்டுப் பிரச்சினை தீர்ந்துச்சான்னு பாக்கணும். எந்த மாநிலம் முதல்ல ஓட்டு போடுதுங்கறதும் முக்கியம், 2024ல ஐயோவாவ பின்னாடி தள்ளிட்டு சவுத் கரோலைனாவ முன்னாடி கொண்டு வந்தாங்க, அந்த வரிசை எப்படி வருதோ அதுக்கேத்த மாதிரி ஆளும் மாறும். நான் 2028 பிப்ரவரி வரைக்கும் யார் பேரையும் சொல்ல மாட்டேன். அப்ப 15 சதவீதத்துக்கு கீழ தொங்கிட்டு இருக்கற ரெண்டு மூணு பேர எடுத்து, அவங்க ஓட்டர்கிட்ட ரெண்டாவது சாய்ஸ் யாருன்னு கேட்ட சர்வே ஏதாவது வந்திருந்தா அத மட்டும் பாப்பேன்.